ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு மோட்டார்

(கோடை விடுமுறை நிகழ்ச்சிகளின் நிறைவு நாளன்று நம் கம்யூனிட்டி ஹாலில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



மேடை வேண்டாம், ஒரு மேசை போதும் என்று கேட்டிருந்தேன். செயலாளர் சார் டேபிள் டென்னிஸ் மேசையையே போட்டுக் கொடுத்துவிட்டார், நன்றி. முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் இதில் இருக்கும் எதையும் எடுத்துப் பார்க்கலாம், கேட்டுவிட்டுத் தொட்டால் போதும். பின்னால் நாற்காலியில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைகள் நிகழ்ச்சிதானே என்று நடுவில் எழுந்து போய்விடாதீர்கள். பேச்சின் இரண்டாம் பாதி நம் கார்பஸ் ஃபண்டைப் பற்றியது.

போன பொதுக்குழுவில் ஒரு நோட்டீஸ் கைக்குக் கை மாறியது உங்களுக்கு நினைவிருக்கும். டீசல் வேண்டாம், கரண்ட் வேண்டாம், காந்த சக்தியால் தானே ஓடும் ஜெனரேட்டர் என்று போட்டிருந்தது. விலை நாலரை லட்சம், பாதி முன்பணம். லிஃப்ட், பம்ப், மாடிப்படி விளக்கு எல்லாவற்றுக்கும் இனி பில்லே வராது என்றார்கள். அன்றைக்கு முதல் ஆளாகக் கை தூக்கி ஆதரித்தவன் நான்தான். பொருளாளர் அம்மா, "இது எப்படி சார் நடக்கும்?" என்று கேட்டார்கள். "நானே வீட்டில் சின்னதாக ஒன்று செய்து காட்டுகிறேன் மேடம்" என்று சவால் விட்டவனும் நான்தான்.

எட்டு வாரம் ஆயிற்று. செய்துவிட்டேன். மேசையில் இரண்டு மோட்டார் இருக்கின்றன. ஒன்று குழந்தைகளுக்காகச் செய்தது. இன்னொன்று என் சவாலுக்காகச் செய்தது. அடுத்த மாதம் ஓட்டெடுப்புக்கு முன்னால் இரண்டையும் நீங்கள் பார்த்துவிட வேண்டும்.

முதல் மோட்டார்

இதற்கு வேண்டியவை: 1.5 வோல்ட் பெரிய டார்ச் செல் ஒன்று, பெரிய ஊக்கு இரண்டு, ரப்பர் பேண்ட் ஒன்று, சின்ன வட்டக் காந்தம் ஒன்று, எனாமல் பூசிய செம்புக் கம்பி ஒரு மீட்டர். கம்பி மட்டும்தான் மளிகைக் கடையில் கிடைக்காது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 24 கேஜ் வைண்டிங் ஒயர் என்று கேளுங்கள். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனாலும் கிடைக்கும்.

தடிமனான மார்க்கர் பேனாவின் மேல் கம்பியைப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் நீளம் வால் போல விடுங்கள். பேனாவை உருவிவிட்டு, சுருள் கலையாமல் இருக்க அந்த வாலாலேயே பக்கத்துக்கு இரண்டு முடிச்சு போடுங்கள். இரண்டு வாலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பாதிப் பேருக்கு மோட்டார் ஓடாமல் போவது இந்த இடத்தில்தான். ஒரு பக்கம் கனமாக இருந்தால் சுருள் கீழே தொங்கி நின்றுவிடும்.

அடுத்து எனாமலைச் சுரண்ட வேண்டும். கம்பி பார்க்கச் செம்பு நிறமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு மின்சாரத்தை விடாது. உப்புத்தாள் வைத்து ஒரு வாலை முழுக்கச் சுரண்டுங்கள். மறு வாலில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுருளை ஒரு சக்கரம் போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வாலின் மேல் பாதியை மட்டும் சுரண்டுங்கள். கீழ்ப் பாதியில் பூச்சு அப்படியே இருக்கட்டும்.

செல்லின் இரண்டு முனையிலும் ஊக்கை நிறுத்தி ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். ஊக்கின் வளையம் மேலே இருக்கட்டும். வளையத்துக்குள் சுருளின் வால்களை நுழையுங்கள். செல்லின் நடு முதுகில் காந்தத்தை வையுங்கள், அது தானே ஒட்டிக்கொள்ளும். இப்போது விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் ஓடும். ஒரு பக்கம் சுண்டி ஓடவில்லையென்றால் மறு பக்கம் சுண்டிப் பாருங்கள்.

நம் குழந்தைகள் ஒன்பது பேர் செய்தார்கள். ஆறு பேருடையது முதல் நாளே ஓடியது. மீதி மூன்றிலும் எனாமல் சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான் கோளாறு.

ஏன் பாதி மட்டும் சுரண்ட வேண்டும்?

மின்சாரம் ஓடும்போது சுருளே ஒரு காந்தமாகிறது. கீழே இருக்கும் காந்தம் அதைத் தள்ளுகிறது, சுருள் அரைச் சுற்று வருகிறது. மின்சாரம் தொடர்ந்து ஓடினால், அடுத்த அரைச் சுற்றில் அதே காந்தம் அதைத் திரும்பப் பின்னால் இழுக்கும். சுருள் நடுங்கிக்கொண்டு நிற்குமே தவிர சுற்றாது. இரண்டு வாலையும் முழுக்கச் சுரண்டிய ஒரு தம்பியின் மோட்டார் இங்கே இருக்கிறது, அது அப்படித்தான் நடுங்குகிறது பாருங்கள். பாதி சுரண்டினால், தள்ள வேண்டிய நேரத்தில் மின்சாரம் வரும், இழுக்கப் போகும் நேரத்தில் நின்றுவிடும். ஊஞ்சலை எப்போது தள்ள வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்று நமக்குத் தெரிவது போல. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷும் செம்புப் பட்டைகளும் செய்கிற வேலை இதுவேதான்.

மின்சாரத்தை வைத்து ஒரு பொருளை முதன்முதலில் இடைவிடாமல் சுற்ற வைத்தவர் மைக்கேல் ஃபாரடே. 1821 செப்டம்பரில், லண்டனில், ஒரு கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி, நடுவில் காந்தத்தை நிறுத்தி, ஒரு கம்பியை அதைச் சுற்றி வர வைத்தார். பாதரசம் விஷம், அதை யாரும் வீட்டில் செய்ய வேண்டாம். நம் ஊக்கு மோட்டாரே போதும்.

இரண்டாவது மோட்டார்

இனி என் சவாலுக்கு வருகிறேன். இது ஒரு பழைய சிடி. நடுவில் கைக்குள் சுற்றும் ஸ்பின்னர் பொம்மையிலிருந்து எடுத்த பேரிங். ஓரத்தில் நான்கு காந்தம், எல்லாவற்றுக்கும் ஒரே துருவம் வெளியே பார்க்கிறது. பக்கத்தில் சில நூறு சுற்றுள்ள ஒரு சுருள். கூடவே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடு இருக்கும் ரீட் சுவிட்ச். காந்தம் கிட்டே வந்தால் அந்தத் தகடுகள் ஒட்டும், போனால் பிரியும். ஒவ்வொரு காந்தமும் சுருளைத் தாண்டும்போது ஒரு தட்டு மின்சாரம் கிடைக்கிறது, சிடி வேகம் பிடிக்கிறது. சுவிட்சைச் சரியான இடத்தில் வைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

இதில்தான் மாயம் போல ஒன்று நடக்கிறது. சுவிட்ச் பிரியும் கணத்தில் சுருளின் காந்தப்புலம் சரிகிறது. அப்போது அதன் முனைகளில் பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்ட் ஒரு நொடியின் சிறு துளி நேரத்துக்கு எகிறுகிறது. அதை ஒரு டயோடு வழியாக இரண்டாவது பேட்டரிக்குத் திருப்பிவிட்டேன். முதல் பேட்டரி மோட்டாரை ஓட்டுகிறது, இரண்டாவது பேட்டரி சார்ஜ் ஆகிறது! மீட்டரில் வோல்ட் ஏறுவதைப் பார்த்ததும் இரவு பதினொரு மணிக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டேன். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினீர்கள்.

மறுநாள் சி பிளாக்கில் ஏழாவது படிக்கும் ஒரு பெண் பார்க்க வந்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், அதுவே சார்ஜ் பண்ணிக்குதுன்னா முதல் பேட்டரியைக் கழட்டிடலாமே? இந்த ஒயரைத் திருப்பி அங்கேயே கொடுத்திடலாமே?" என்று கேட்டாள்.

கொடுத்துப் பார்த்தேன். சிடி மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. ஒயரை மாற்றினேன், காந்தத்தை மாற்றினேன், இன்னொரு சுருள் சேர்த்தேன். நான்கு இரவு உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் நின்றது.

அப்புறம்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அளந்தேன். எமர்ஜென்சி விளக்கில் இருக்குமே 6 வோல்ட் பேட்டரி, அதில் இரண்டு எடுத்துக்கொண்டேன். இரண்டாவதை முழுக்கக் காலி செய்தேன். மோட்டாரை ஆறு மணி நேரம் ஓட்டினேன். முதல் பேட்டரியிலிருந்து போன மின்சாரம் சராசரியாக 0.3 ஆம்பியர். 6 வோல்ட், 0.3 ஆம்பியர், 6 மணி நேரம்: பெருக்கினால் 10.8 வாட்-மணி. பிறகு இரண்டாவது பேட்டரியில் சைக்கிள் டைனமோவுக்குப் போடும் 3 வாட் பல்பைப் போட்டேன். ஐம்பது நிமிடத்தில் மங்கிவிட்டது. அதாவது 2.5 வாட்-மணி. போட்டது நான்கு பங்கு என்றால், வந்தது ஒரு பங்குகூட இல்லை.

மீதி எங்கே போயிற்று? சுருளைத் தொட்டுப் பாருங்கள், சூடு. சிடி காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்கிறது. சுவிட்சில் பொறி தெரிகிறது. பேரிங் கொஞ்சம் தின்கிறது, பேட்டரிகளும் கொஞ்சம் தின்கின்றன. முதல் நாள் மீட்டரில் நான் பார்த்தது வோல்ட் மட்டும்தான். சார்ஜில் இருக்கும் பேட்டரியில் வோல்ட் சீக்கிரம் ஏறும், பல்பைப் போட்டதும் விழுந்துவிடும். வோல்ட்டைப் பார்த்து ஆற்றலைக் கணிப்பது, பர்ஸின் தடிமனைப் பார்த்துப் பணத்தைக் கணிப்பது போலத்தான்.

"அப்போது காந்தத்தின் சக்தி?" என்று கேட்பீர்கள். காந்தம் இழுக்கும், தள்ளும், உண்மைதான். ஆனால் கிட்டே வரும்போது இழுத்துக் கொடுத்ததை, விலகிப் போகும்போது அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளும். கிண்ணத்துக்குள் கோலிக்குண்டை விட்டால் இறங்கும்போது வேகம், ஏறும்போது அந்த வேகம் காலி. கடைசியில் அடியில் நிற்கும். சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்கள் கை தூக்குங்கள். டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனத்தது நினைவிருக்கிறதா? கொஞ்சம் உராய்வு, மீதி பல்புக்குப் போன மின்சாரத்தின் விலை. அதைக் கட்டியது உங்கள் கால்.

என்னைப் போல் ஏமாந்த ஒருவர்

எனக்கு ஆறுதல் தந்த ஒரு கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஒரு மதுவடிப்பு ஆலை முதலாளியின் மகன். 1838-இல் அவருக்கு 19 வயது. நம்மைப் போல வீட்டிலேயே மோட்டார் செய்தார். நீராவி எந்திரங்களை மின்மோட்டார்கள் ஒழித்துவிடும் என்று உறுதியாக நம்பினார். ஆனால் ஒவ்வொரு மோட்டாரையும் செய்துவிட்டு அளந்தார். மோட்டார் வேகமாகச் சுற்றச் சுற்ற, அது பேட்டரிக்கு எதிராகவே மின்சாரத்தைத் தள்ளுவதைக் கண்டார். 1840-இல், கம்பி எவ்வளவு சூடாகும் என்பதற்குக் கணக்கு கண்டுபிடித்தார்: மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அன்றைய பேட்டரிகளில் துத்தநாகம்தான் எரிபொருள். 1841-இல் கணக்குப் போட்டுப் பார்த்தால், தன் மோட்டாரில் ஒரு பவுண்டு துத்தநாகம் செய்த வேலையைப்போல் சுமார் ஐந்து மடங்கை நல்ல நீராவி எந்திரத்தில் ஒரு பவுண்டு நிலக்கரி செய்தது. விலையோ நிலக்கரிதான் மிகக் குறைவு. தன் ஆசை பலிக்காது என்று அவரே ஊரறியச் சொன்னார்.

அவர் பெயர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். மோட்டார் ஆசை போனாலும் அளக்கும் பழக்கம் போகவில்லை. வேலை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று அளந்து அளந்து, ஆற்றலைப் புதிதாக உண்டாக்க முடியாது, ஒன்றை இன்னொன்றாக மாற்றத்தான் முடியும் என்ற முடிவுக்கு வந்தவர்களில் ஒருவரானார். இன்று ஆற்றலின் அலகே அவர் பெயரில் இருக்கிறது. நம் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்.

தானே ஓடும் சக்கரம் பழைய ஆசைதான். 12-ஆம் நூற்றாண்டிலேயே நம் நாட்டுக் கணித மேதை பாஸ்கரர் பாதரசம் நிரப்பிய ஆரங்களுள்ள சக்கரம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். பாரிஸ் அறிவியல் கழகமோ 1775-இலேயே, இந்த வகைத் திட்டங்களை இனிப் பரிசீலிக்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. அவ்வளவு பேர் வந்து அவ்வளவு பேரும் தோற்றிருக்கிறார்கள்.

நம் பம்ப் கணக்கு

இப்போது கார்பஸ் ஃபண்ட். சம்பிலிருந்து மேல் டேங்குக்கு 20 மீட்டர் உயரம். 10,000 லிட்டர் தண்ணீரை அவ்வளவு தூரம் தூக்க வேண்டுமானால் குறைந்தபட்சம் 19 லட்சத்து 60 ஆயிரம் ஜூல் தேவை. அதாவது 0.54 யூனிட். உலகத்தின் எந்த மோட்டாராலும், எந்தக் காந்தத்தாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. எலக்ட்ரீஷியன் தம்பியோடு சேர்ந்து நம் பம்ப் எவ்வளவு எடுக்கிறது என்று மீட்டரில் பார்த்தேன். 1.4 யூனிட். பாதிக்கு மேல் வீண்.

இந்த இடைவெளியில்தான் நாம் உண்மையாகவே பணம் மிச்சப்படுத்த முடியும். தேய்ந்த இம்பெல்லர், காற்று வாங்கும் ஃபுட் வால்வு, தேவையில்லாத வளைவுள்ள குழாய், இவற்றைப் பார்க்கலாம். ஒழுகும் ஃப்ளஷ் டேங்க் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கணக்கெடுக்கலாம். ஒழுகுகிற ஒவ்வொரு லிட்டரும் நாம் காசு கொடுத்து மேலே ஏற்றிய தண்ணீர்.

இன்னொன்று. என் சிடி மோட்டாரில் காந்தம் சுற்றுகிறது, சுருள் நிற்கிறது, சுவிட்ச் நேரம் பார்த்துத் தட்டுகிறது. இதே ஏற்பாட்டை ரீட் சுவிட்சுக்குப் பதில் எலக்ட்ரானிக்ஸ் வைத்துச் செய்தால் அதுதான் பிஎல்டிசி ஃபேன். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. இதில் மாயம் இல்லை, சூடாக வீணாவது குறைகிறது, அவ்வளவுதான். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். இந்த ஹாலிலும் வாட்ச்மேன் அறையிலும் கிளப் ரூமிலும் இருக்கும் ஃபேன்களை எண்ணிப் பாருங்கள்.

மொட்டை மாடியில் சோலார் போடுவதை நான் எதிர்க்கவில்லை. அதற்கும் டீசல் வேண்டாம். ஆனால் அங்கே வெயில் உள்ளே போகிறது, மின்சாரம் வெளியே வருகிறது. அந்த நோட்டீஸில் உள்ளே எது போகிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

ஒரு நாள் சோதனை

விற்க வருகிறவர்களை நான் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. எட்டு வாரம் நானே நம்பினேன். அவர்களும் வோல்ட் மீட்டரைப் பார்த்து நம்பியிருக்கலாம். ஆகவே சண்டை வேண்டாம், சோதனை போதும்.

ஒரு மணி நேரம் விளக்கு எரிவதைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி, ஒன்றே ஒன்று உள்ளே ஒளிந்திருந்தால்கூட 1.8 யூனிட் கொடுக்கும். 100 வாட் பல்பை ராத்திரி முழுக்க எரிக்க அது போதும். ஆகவே இப்படிக் கேட்போம். எந்திரத்தை நம் ஹாலில் வையுங்கள். எந்த ஒயரும் வெளியிலிருந்து வரக்கூடாது. 1,000 வாட் ஹீட்டரை இணைத்து 24 மணி நேரம் ஓட்டுங்கள். அதற்கு 24 யூனிட் வேண்டும், பதின்மூன்றுக்கும் மேற்பட்ட இன்வெர்ட்டர் பேட்டரியை ஒளித்து வைத்தால்தான் முடியும். இரவில் முறை போட்டு இருவர் இருவராக உட்காருவோம், முதல் முறை என்னுடையது. ஓடினால் மறுநாள் காலை முழுத் தொகையும் கொடுப்போம். முன்பணம் மட்டும் கிடையாது.

போன முறை தூக்கிய கையை இன்று இறக்கிக்கொள்கிறேன். என் பேச்சைக் கேட்டுக் கை தூக்கியவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் அம்மா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

கடைசியாகக் குழந்தைகளுக்கு. அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மீண்டும் இங்கே சந்திப்போம். செல், ஊக்கு, ரப்பர் பேண்ட் கொண்டு வாருங்கள். கம்பியும் காந்தமும் என்னிடம் இருக்கின்றன. மூன்று விதிகள் உண்டு. ஒரு செல்லுக்கு மேல் போடக் கூடாது. சுருள் சுற்றாமல் நின்றால் உடனே கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் செல்லும் கம்பியும் சுடும். சுவரில் இருக்கும் பிளக்கில் எந்தக் கம்பியையும் ஒருபோதும் சொருகக் கூடாது. பெற்றோர்களுக்கு ஒன்று: பளபளப்பான சின்ன நியோடிமியம் காந்தங்களைச் சிறு குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

பெரியவர்களுக்கும் இந்த இரண்டாவது விதி உதவும். பம்ப் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றால், சுவிட்சை உடனே அணைத்துவிட்டு வாட்ச்மேனிடம் சொல்லுங்கள். சுற்றாத மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், சில நிமிடங்களில் காயில் எரிந்துவிடும். பெரும்பாலும் கோளாறு கெப்பாசிட்டராகத்தான் இருக்கும். அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு, ரீவைண்டிங் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சி பிளாக் பெண்ணே, எழுந்து நில்லம்மா. எல்லோரும் அவளுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். நம் நாலரை லட்சத்தைக் காப்பாற்றியது அவள் கேட்ட கேள்விதான்.

மேசைக்கு வரலாம், யாருக்குச் சுண்டிப் பார்க்க வேண்டுமோ வரிசையில் வாருங்கள்.